நான் குடியாத தேத்தண்ணி

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்கும் இளம் சகோதரிகளுக்கும் என் அனுபவத்திலிருந்து பயனுள்ளதாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பயனுள்ளது ஏதும் உண்டா என்று நினைவைக் கிளறிப் பார்த்தேன். அகப்பட்டதெல்லாம் நான் மூக்குடைபட்ட கதைகள்தான். நான் வெற்றி பெற்ற கதைகளும் எங்காவது இருக்க வேண்டும். ஆனால் அவற்றை ஒருவரும் எனக்கு ஞாபகப்படுத்துவதில்லை. மூக்குடைபட்டவற்றை மட்டும் ஊரே பத்திரமாக வைத்திருக்கிறது. ஆகவே அவற்றில் ஒன்றையே எழுதுகிறேன்.

பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையைப் பிரித்துக்கொள்வது, பரிசோதகர் வந்தால் எந்த மூலையில் நிற்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சிக் கலாசாலையில் சொல்லியிருப்பார்கள். கையில் தேத்தண்ணிப் பேணியோடு ஒருத்தி உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வது என்று அங்கே சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை.

நான் அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வெங்காயத்தையும் புகையிலையையும் பார்த்து வளர்ந்தவள். கடலைக் கிட்ட நின்று பார்த்ததே மடத்தில் சேர்ந்த பிறகுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருடம், யாழ்ப்பாணக் கரையோரத்தில் குருநகர்ப் பக்கத்தில் எங்கள் சபை நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பைப் பொறுப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். பயிற்சிக் கலாசாலையிலிருந்து நல்ல பெயரோடு வந்தவள் என்பதால், அந்தக் கடற்கரைக்கு இதுவரை கிடைக்காத வெளிச்சம் நான்தான் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதைப் பணிவோடு மறைத்தும் வைத்திருந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய கதையை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வந்த சகோதரிகள் மேல்நாட்டவர்கள். கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைக்கொட்டில் போட்டு, பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஒரு பிள்ளையும் வரவில்லை. பெண்பிள்ளை படித்து வள்ளமா ஓட்டப் போகிறாள் என்று சனங்கள் கேட்டார்களாம். அந்தச் சகோதரிகள் விவாதிக்கப் போகவில்லை. தையலும் பின்னலும் பழக்குகிறோம் என்றார்கள். தாய்மார் பிள்ளைகளை உடனே அனுப்பினார்கள். ஊசி பிடிக்க வந்த பிள்ளை எழுத்தையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. நான் வந்தபோது கொட்டில் போய் ஓட்டுக் கட்டடமும், பிள்ளைகள் இருந்து படிக்க நல்ல வாங்குகளும், மாமர நிழலும் வந்துவிட்டிருந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அந்தக் குறிச்சியில் பிறந்த ஓர் ஆசிரியை அங்கே இல்லை. படிப்பித்த எல்லோரும் தோட்டக்கார ஊர்களிலிருந்து வந்தவர்கள். கடற்கரைப் பிள்ளைகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிடுவார்கள், மேல் வகுப்பு வருடா வருடம் வெறுமையாகும்.

வந்த முதல் வாரத்திலேயே என் திறமையைக் காட்டினேன். யன்னலுக்கு வெளியே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த மணம் எனக்குத் தலையைச் சுற்றியது. யன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னேன். முன்வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பி, "சிஸ்டர், மழை ஒண்டும் வரேல்லையே?" என்று கேட்டாள். காற்றுக்குக் கடதாசி பறக்கும் என்றேன். அது வெயில் எரிக்கிற மாதம். மத்தியானத்துக்குள் ஓர் ஆள் மயங்கி விழுந்தது. விழுந்தது நான்தான். கண் விழித்தபோது யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கேள்வி கேட்ட அதே பிள்ளை கடதாசிக் கட்டு ஒன்றால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பிலோமினா.

பிலோமினாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், என்னைவிடக் கெட்டிக்காரி. நான் ஒரு கணக்கை இரண்டு விதமாகச் செய்து காட்டினால் அவள் மூன்றாவது விதம் ஒன்றைக் கேட்பாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அழுதால் ஆசிரியையைத் தேடிப் போவதில்லை, அவளிடம்தான் ஓடுவார்கள். இவள் மேல் வகுப்பை முடித்து, பயிற்சிக்குப் போய், இதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகத் திரும்பி வரவேண்டும் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை, தாயைக் கேட்கவில்லை. மனதுக்குள் அவளுக்கு மேசையும் கதிரையும் போட்டாயிற்று.

அப்படியிருக்க, அவள் பெரியபிள்ளையானாள். சடங்கு நடந்தது. அதன்பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம் அது. அவளுடைய தகப்பன் மற்ற ஆண்களோடு முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தார். வீட்டில் முடிவெடுக்கிறவள் தாய் அன்னம்மா. கடற்கரையில் மீன் விற்பவள். எங்கள் மடத்துக்கும் நாள்தோறும் மீன் கொண்டுவருகிறவள் அவள்தான். நேரே போய்ப் பேசினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

சகோதரிகள் தனியே வெளியே போவதில்லை, சோடியாகத்தான் போகவேண்டும் என்பது அன்றைய சட்டம். எனக்குச் சோடியாக வந்தவர் மடத்துச் சமையலைப் பார்க்கும் எங்கள் குசினிச் சிஸ்டர். அவரும் கடற்கரைச் சனம், பக்கத்துக் கொழும்புத்துறையில் பிறந்தவர், வயது மூத்தவர், தேவைக்கு மேல் பேசாதவர். போகிற வழியெல்லாம் நான் பேசப்போகும் பேச்சை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். அவர் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார்.

அன்னம்மாவின் வீடு எங்களுக்காகவே கூட்டித் துப்புரவாக்கியிருந்தது. இரண்டு கதிரைகளைப் போட்டு அவற்றின் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தாள். நாங்கள் இருந்ததும் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பால் விட்ட தேத்தண்ணி. அதையும் மூக்குப்பேணியில் விட்டிருந்தாள். மூக்கு வைத்த பித்தளைப் பேணி அது. வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம். புளி போட்டு விளக்கிய பேணி மினுங்கியது. ஒன்றை எனக்கு நீட்டினாள்.

எங்கள் சபையில் இன்னொரு சட்டம் இருந்தது. மடத்துக்கு வெளியே, பிறர் காண, ஒரு சகோதரி உண்ணவோ குடிக்கவோ கூடாது. ஆளுநரே தேத்தண்ணி தந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சட்டத்தில் புலி. "வேண்டாம் அன்னம்மா, உதெல்லாம் வேண்டாம்" என்று முகத்தில் ஒரு புனிதமான புன்னகையோடு கையை உயர்த்தினேன். குசினிச் சிஸ்டரும் வேண்டாம் என்றார். அன்னம்மா பேணிகளை எடுத்துப் போய் உள்ளே வைத்துவிட்டு வந்து நின்றாள். அதற்குப் பிறகு நான் பேசினேன். கல்வியின் அருமையைப் பற்றி, பெண்ணின் மாண்பைப் பற்றி, தேவதாய் வாசிக்கத் தெரிந்தவர் என்பதைப் பற்றி எல்லாம் பேசினேன். அன்னம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் சிஸ்டர், ஓம்" என்றாள். பிலோமினா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பே இல்லாத வெற்றி என்று நினைத்துக்கொண்டு மடத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் பிலோமினா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. என் பேச்சு ஆழமானது, ஊறுவதற்கு நேரம் எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊறுவதை விரைவுபடுத்த ஒரு காரியம் செய்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்துக் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் மடத்துக்கு வந்திருந்தன. ஒரு கடகப் பெட்டி நிறைய அன்னம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அன்னம்மா அதை வாசலில் கொட்டி, அயலட்டைச் சனம் பார்த்திருக்க ஆட்டுக்குப் போட்டாளாம். செய்தி கேட்டதும், வாயில்லாச் சீவன்கள் மீது இந்தச் சனத்துக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்தேன். நான் இப்படி நினைத்தது பொய்யில்லை. நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

பிறகு மேல் வகுப்பில் இன்னும் சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பெரியபிள்ளையாகாதவர்களும் நின்றார்கள். இப்படியே போனால் வகுப்பை மூடவேண்டியதுதான் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகளிடமிருந்து பேச்சு வந்தது. இதற்கிடையில் மடத்துச் சாப்பாட்டு மேசையில் மீன் காணாமல் போனது. பருப்பு, மறுபடியும் பருப்பு, பூசணிக்காய், பிறகு பருப்பு. மடத்தின் தலைவியான பெரிய மதர் ஏதோ விசேஷ ஒறுத்தல் விதித்திருக்கிறார் என்று நினைத்து, குசினிக்குப் போய், "ஒறுத்தல் நல்லதுதான், ஆனால் இவ்வளவு பருப்பு ஆத்துமாவுக்குச் செமிக்காது சிஸ்டர்" என்று பகிடி விட்டேன்.

குசினிச் சிஸ்டர் அகப்பையைக் கீழே வைத்தார். "அன்னம்மா மடத்துக்கு மீன் தரமாட்டாளாம். அவள் தராட்டில் அந்தக் கடற்கரையிலை ஒருத்தியும் தராள்."

"ஏன்?"

"நீங்கள் அண்டைக்கு அந்தத் தேத்தண்ணியைத் தொடேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. "அது சட்டம். நீங்களும்தானே குடிக்கவில்லை?"

"நான் குடிக்காட்டில் அது சட்டம்" என்றார் அவர். "நீங்கள் குடிக்காட்டில் அது அச்சுவேலி."

உங்களில் சிலருக்கு இது விளங்காமல் இருக்கலாம், விளங்காமல் இருந்தால் நல்லதுதான். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டக்கார ஊர்களில் கடற்கரைச் சனத்தின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சாதி. வேதக்காரர்களாகிய நாங்களும் ஒரே கோயிலில் ஒரே நற்கருணை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து இதைத்தான் செய்தோம். அன்னம்மாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் வாய் படாமல் குடிக்க மூக்குப்பேணி கொண்டுவந்தாள். என் பக்கத்துக்கு அவள் பாதி வழி வந்து நின்றாள். நான் கையை உயர்த்திப் புன்னகை செய்தேன். அதற்கு மேல், எங்கள் ஊரில் கூலி ஆட்களுக்குக் கொடுப்பதுபோலக் கடகத்தில் கத்தரிக்காயும் அனுப்பினேன்.

"நான் போய்ச் சட்டத்தை விளங்கப்படுத்துகிறேன்" என்றேன்.

"ஆர் நம்பப்போகினம்? உங்கடை வீட்டுக்கு மீன் கொண்டு வாற பெண்டுகளுக்குத் தண்ணி எதிலை குடுப்பியள், சிஸ்டர்?"

சிரட்டையில். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் பருப்பைக் கிண்டத் தொடங்கினார்.

நேரே பெரிய மதரிடம் போனேன். மேல்நாட்டிலிருந்து இளம் வயதில் வந்து, தலை நரைக்கும்வரை யாழ்ப்பாணத்து வெயிலில் கிடந்தவர். தமிழைச் செபப்புத்தகத்திலிருந்து படித்ததால் எல்லோரையும் "நீர்" என்பார். நான் நடந்ததைச் சொல்லி, அன்னம்மா வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டேன்.

"அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க உமக்கு விருப்பமோ?" என்று கேட்டார்.

"பிள்ளைகளின் நன்மைக்காக எதையும் குடிப்பேன், மதர்."

பெரிய மதர் சிரித்துவிட்டார். "அது வேப்பெண்ணெய் குடிக்கிறவர் பேசும் பேச்சு. அனுமதி இல்லை."

எனக்கு அழுகை வந்தது. சட்டத்தைப் பிடித்தாலும் குற்றம், விடுகிறேன் என்றாலும் குற்றம் என்று மனதுக்குள் முறைப்பட்டேன். கோயிலில் போய் முழங்காலிட்டு, பிலோமினாவைத் திருப்பித் தரும்படி மாதாவிடம் கேட்டேன். என் பிழையைப் பற்றி மாதாவிடம் ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அடுத்த நாள் காலை பெரிய மதர் குசினிச் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்து போனார். அங்கே நடந்ததைக் குசினிச் சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னம்மா மீன்களுக்கு முன்னால் குந்தியிருந்தவள் எழும்பவில்லையாம். பெரிய மதர் மணலில் அவளுக்கு முன்னால் போய் நின்று, மாதா திருநாளுக்கு முதல் நாள் இறைச்சி விலக்கு, மடத்தில் கூழ் வைக்கும் வழக்கம், ஆனால் எங்கள் குசினியில் வைப்பது கூழே இல்லை, நீர் வந்து வைத்துத் தரவேண்டும் என்றாராம். குசினிச் சிஸ்டருக்கு அது கேட்க நன்றாக இருந்திருக்காது. ஆனாலும் ஓமென்று தலையாட்டினாராம்.

"மடத்துக் குசினிக்கை நான் வரலாமோ, மதர்?" என்று அன்னம்மா கேட்டாள்.

"நீர் வராமல் கூழ் எப்படி வரும்?"

"ஆர் ஆர் குடிப்பினம்?"

"எல்லோரும்" என்றார் பெரிய மதர். "அச்சுவேலியும்."

அன்னம்மா வந்தாள். நண்டு, இறால், மீன்தலை எல்லாம் அவளே கொண்டுவந்தாள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் புளியும் மடத்தில் இருந்தன. பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் எங்கே என்று கேட்டாளாம். எங்கள் தோட்டத்திலிருந்து வந்தவற்றைக் குசினிச் சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். இந்த முறை அவை ஆட்டுக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கூழின் வாசனை யன்னல் வழியாக வந்தது. யன்னலைச் சாத்தும் எண்ணம் எனக்கு வரவில்லை என்று பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

எங்கள் சாப்பாட்டறைக்கும் குசினிக்கும் நடுவே, பாத்திரங்களைக் கடத்த ஒரு சின்னக் கதவு உண்டு. சகோதரிகள் உண்ணும்போது அது எப்போதும் மூடியிருக்கும். அன்று திறந்திருந்தது. திறந்து விட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய மதர் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம், அகப்பையோடு அன்னம்மா நின்றாள். அவள் பார்த்தது என்னை மட்டும்தான்.

சாப்பாட்டறையில் பேசக்கூடாது, ஒரு சகோதரி புனிதர் வரலாறு வாசிப்பார், அதுவும் சட்டம். நான் முதல் வாய் எடுத்தேன். எங்கள் வீட்டுக் கூழில் மிளகாய் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கும். அன்னம்மாவின் கூழில் அது வாசலிலேயே ஆளைப் பிடித்துக்கொண்டது. நாக்கு, தொண்டை, காது எல்லாம் எரிந்தது. தண்ணீர் கேட்கச் சைகை ஒன்று உண்டு. தண்ணீர் கேட்டால் அன்னம்மா என்ன நினைப்பாளோ என்று கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கண்ணீர் கொட்டியது. மூக்கு ஒழுகியது. வாசித்துக்கொண்டிருந்த சகோதரி அப்போது ஒரு வேதசாட்சியை எண்ணெய்க் கொப்பரையில் இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. கோப்பையை முடித்தேன். நண்டுக்காலையும் விடவில்லை.

அன்று சிஸ்டர் மனம் வருந்தி அழுதழுது கூழ் குடித்தார் என்று அந்தக் குறிச்சியில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. ஆனால் நீங்கள் உண்மையைத் தெரிந்திருக்க வேண்டும், அது மிளகாய்.

சாப்பாடு முடிந்ததும் பெரிய மதர் என்னைக் குசினிக்கு அனுப்பினார். நன்றி சொல்லிவிட்டு வாரும் என்றார். அன்னம்மா பெரிய பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குசினிச் சிஸ்டர் அடுப்படியில் நின்றார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூழ் நன்றாக இருந்தது என்றேன். அன்னம்மா கையைச் சீலையில் துடைத்துவிட்டு நேரே என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்டு கேக்கிறன், சிஸ்டர். அண்டைக்கு நீங்கள் வேண்டாம் எண்டது உங்கடை சட்டமோ, உங்கடை ஊரோ?"

பிள்ளைகளே, நான் இவ்வளவும் எழுதியது இந்த இடத்துக்கு வரத்தான். சட்டம் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டவும் முடியும். கூழையும் குடித்தாயிற்று. சட்டம் என்று சொன்னால் அவள் ஏற்றுக்கொண்டு போவாள், பிலோமினாவும் ஒருவேளை வருவாள். வாயைத் திறந்தேன். அந்த மினுங்கும் பேணி ஞாபகம் வந்தது. அதை அவள் நீட்டியபோது என் நெஞ்சுக்குள் முதலில் வந்தது சட்டம் இல்லை. ஒரு சின்ன நிம்மதி வந்தது. நல்ல காலம், எங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்ற நிம்மதி. பெரிய மதர் அந்த வேப்பெண்ணெயை எங்கே கண்டார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சட்டம்தான்" என்றேன். "ஆனால் சட்டம் இல்லாதிருந்தாலும் அன்றைக்கு நான் குடித்திருப்பேனோ தெரியாது, அன்னம்மா. குடித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்."

குசினிச் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போயிற்று என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அன்னம்மா பானையைக் கவிழ்த்து வைத்தாள். அதன் அடியைத் துணியால் அவசரமில்லாமல் ஆறுதலாகத் துடைத்தாள்.

"எனக்கும் அது தெரியும்" என்றாள். "சொல்லுவியளோ எண்டுதான் பாத்தனான்."

பிறகு சீலையை உதறிக்கொண்டு, "நாளைண்டைக்குத் திருநாள் முடியப் பிள்ளை வரும். ஆனா ஒண்டு, அவளை முன்வாங்கிலை இருத்தவேணும். முந்தி இருந்த இடத்திலையே" என்றாள்.

"அந்த இடத்தில் நான் வேறு ஒருவரையும் இருத்தவில்லை" என்றேன். அது உண்மை. அன்று நான் சொன்னவற்றில் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

பிலோமினா வந்தாள். பெரியபிள்ளைகளை ஏற்றிப் போகும் திரை கட்டிய மாட்டு வண்டி இல்லை, துணைக்கு வேறு ஆள் இல்லை. மீன்கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தாய்தான் பள்ளிக்கூடப் படலைவரை கூட்டிவந்தாள். பெரியபிள்ளையான பெண் பகலில் தெருவால் நடந்து பள்ளிக்கூடம் போவதை அந்தக் குறிச்சி அன்றுதான் பார்த்தது. யாரும் ஏதும் சொல்வதற்கு முன்பு அன்னம்மா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாளாம். அந்தப் பார்வையை நான் அறிவேன். கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். மடத்துக்கு மீனும் வந்தது. குசினிச் சிஸ்டர் அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பருப்புச் சமைக்கவில்லை.

பிலோமினா படித்து, பயிற்சிக்குப் போய், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மாவும் அரிசியும் தட்டுப்பட்டுக் கிடந்த ஒரு தை மாதத்தில் அதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்தாள். மேல் வகுப்பு பிறகு ஒருபோதும் வெறுமையாகவில்லை. நான் அவளை முதல் நாள் வகுப்புக்குக் கூட்டிப் போனபோது, அவள் உள்ளே நுழைந்ததும் செய்த முதல் வேலை யன்னல்களைத் திறந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்க்காதது போல் நின்றேன்.

சட்டம் மட்டும் மாறவில்லை. பிலோமினாவோடு அத்தனை வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை செய்தும், இடைவேளையில் அவள் ஊற்றும் தேத்தண்ணியை நான் குடிக்க முடியாது. அவள் கேட்கமாட்டாள், நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது அதைக் குடிக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டம் வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

சமீபத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். உங்களில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. செய்தி வந்த வாரம், முழங்கால் வலியோடு குருநகர்ப் பக்கம் போனேன். பெரிய மதரும் குசினிச் சிஸ்டரும் எப்போதோ ஆண்டவரிடம் போய்விட்டார்கள். சோடியாகத்தான் போகவேண்டும் என்ற சட்டமும் போய்விட்டது. அன்னம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. குரலில் என்னை அறிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல் எழும்பி, சுவரைப் பிடித்து அடுப்படிக்குப் போனாள். பிலோமினா உதவிக்கு எழும்ப, "நீ இரு" என்றாள். திரும்பி வந்தபோது கையில் அதே மூக்குப்பேணி இருந்தது. இப்போதும் மினுங்கியது.

நான் அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்தேன். பேணியின் மூக்கு குறுக்கே நின்றதால் கொஞ்சம் உடுப்பில் ஊற்றுப்பட்டது. அன்னம்மாவுக்குக் கண் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். வாய் வைத்துக் குடிக்கிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆறிப்போச்சோ, சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"இல்லை, அன்னம்மா. நல்ல சூடாக இருக்கிறது."

இந்த முறை கண்ணில் வந்தது மிளகாய் இல்லை.

தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டிருந்தாள். எனக்குச் சீனி வருத்தம், தேத்தண்ணியில் சீனி தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அன்னம்மா கையை நீட்டி, "இன்னொரு பேணி விடட்டோ?" என்றாள். டாக்டரின் சட்டத்தைச் சொல்லித் தப்பியிருக்கலாம். பேணியை அவள் கையில் கொடுத்து, "விடு அன்னம்மா" என்றேன்.